தடிப்பும் நாட்கணக்கும்

காய்ச்சலோடு உடலில் தடிப்பு எழுந்த ஒரு கைக்குழந்தையைப் பார்த்து ‘இது இன்னது’ என்று சொல்ல யாழ்ப்பாணத்தில் பலர் முன்வருகிறார்கள். வீட்டில் அம்மம்மா சொல்கிறார். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் சொல்கிறார். வைபரில் வந்த படத்தைப் பார்த்து ரொறன்ரோவில் இருக்கும் சித்தி சொல்கிறார். வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீண்டு நிற்க, வைத்தியரும் சொல்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைக் கையாளுகிறார்கள். அந்த முறைகள் சம தகுதி உடையவை அல்ல. அவற்றை ஒன்றோடொன்று வைத்து நிறுக்கும் வேலையை யாரும் செய்வதாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அதைச் செய்ய முயல்கிறது.

நிறுப்பதற்கு மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். உயிருக்கு ஆபத்தானதை அந்த முறை தவறவிடுகிறதா? ஆபத்தில்லாததற்குத் தவறான பெயர் சூட்டிப் பின்னாளில் தீங்கு செய்கிறதா? முடிவெடுக்கவேண்டிய வேளையில், எடுக்கவேண்டியவர் கையில் அது இருக்கிறதா? வைரஸின் பெயரைச் சரியாகச் சொல்கிறதா என்பதை அளவுகோலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் வைரஸ் தடிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி மருந்து கிடையாது. பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செய்வது ஒன்றுதான்: நீராகாரம், நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல், விடாத கவனிப்பு. ஆகவே பெயரிடுவதில் காட்டும் திறமையை மட்டும் கொண்டு ஒரு முறையை மெச்சுவது, விமரிசனத்தில் நாம் அனுமதிக்காத சலுகை.

இந்தக் கேள்வி இப்போது கூர்மையடைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் முழுச் சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள் என்ற அளவிலேயே நிற்கிறது. அம்மம்மாவும் அப்பம்மாவும் அடுத்த வீட்டில் இருந்த குடாநாடு இன்று இல்லை. பலருடைய பெற்றோர் கடல் கடந்து இருக்கிறார்கள். ஆகவே வங்கியிலோ பாடசாலையிலோ வேலை செய்யும் தாயின் குழந்தை நான்கு, ஐந்து மாதத்திலேயே வேறு குழந்தைகளுடன் ஒரே அறையில் தவழத் தொடங்குகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி தேயும் காலமும் அதுவே. சின்னமுத்துக்கு எதிரான முதலாவது தடுப்பூசியோ 9 மாதம் முடிந்தபின்தான் ஏற்றப்படுகிறது. இடையிலுள்ள மாதங்களில் குழந்தைக்கு அரண் என்று சொல்ல, சுற்றியிருப்பவர்களின் கண்ணும் கவனமும்தான் உண்டு.

பழைய முறையிலிருந்து தொடங்குவோம். உடலில் கொப்புளமோ தடிப்போ கண்டால் ‘அம்மாள் வருத்தம்’ என்பது நம் வீடுகளின் முதல் தீர்ப்பு. இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடும் எழுத்தோடு எனக்கு உடன்பாடில்லை. வாசலில் வேப்பிலை செருகியதும் அயலவர் உள்ளே வருவது நின்றது. பிள்ளைக்குத் தனிப்பாய், தனிப்பாத்திரம். வீட்டார் கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் போகவில்லை. இலங்கையின் தொற்றுத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897இல் வந்தது. அது எதிர்பார்த்த அறிவித்தலையும் தனிமைப்படுத்தலையும், எந்த உத்தியோகத்தரும் கேட்காமலே அந்த வழக்கம் நிறைவேற்றியது. மூன்றாவது கேள்வியில் இது முழுப்புள்ளி பெறுகிறது: முறை எப்போதும் வீட்டிலேயே இருக்கிறது.

முதற்கேள்வியில் அது தோற்கிறது. பெயர் விழுந்ததும் விசாரணை நின்றுவிடுகிறது. கொப்புளிப்பானுக்கும் சின்னமுத்துக்கும் டெங்குச் சிவப்புக்கும் ஒரே பெயர், ஒரே ஒழுக்கம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது தள்ளிப்போகிறது. இத்தனைக்கும் நம்முடைய எழுத்து மரபு இவ்வளவு சோம்பலாக இருக்கவில்லை. ஏழாலை ஐ. பொன்னையா பதிப்பித்த பரராசசேகரத்தில் பாலரோக நிதானம் என்று தனிப்பகுதியே உண்டு. குறிகளை நிரைப்படுத்தி ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியும் முயற்சி அது. அதன் மருந்துகளை இன்று ஏற்பதா என்பது வேறு விவாதம். பிரித்தறிய வேண்டும் என்ற கொள்கை அங்கே இருந்தது. வீட்டு வழக்கம் அதைக் கைவிட்டது.

பட அட்டவணையிலும் படம் அனுப்பும் பழக்கத்திலும் தங்கியிருக்கும் முறை இன்று எல்லோரிடமும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. பின்னணியில் ஐரோப்பிய மருத்துவத்தின் ஒரு பழைய ஆசை இருக்கிறது: குழந்தைத் தடிப்புகளை எண்ணிட்டு அடுக்கிவிடுவது. சின்னமுத்து முதலாவது, செங்காய்ச்சல் இரண்டாவது, ருபெல்லா மூன்றாவது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பட்டியல் உருவானது. 1900இல் கிளெமென்ட் டியூக்ஸ் விவரித்த ‘நான்காவது நோய்’ தனி நோயே அல்ல என்று பிற்காலத்தார் முடிவு செய்து அதை அகற்றினார்கள். தோலை மட்டும் பார்த்து நோயைப் படைக்க முடியாது என்பதற்கு அந்தக் காலி இடம் இன்றும் சாட்சி. ஐந்தாவது நோயின் காரணமான பார்வோவைரஸ் 1975இல் இலண்டனில் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டது. அதற்கும் அந்தத் தடிப்புக்கும் உள்ள உறவு தெரியவர 1983 ஆயிற்று. ஆறாவதான ரோசியோலாவின் வைரஸை 1988இல் யப்பானியர் இனங்கண்டனர். பட்டியலைப் போட்டவர்களின் கண் கூரியதுதான். ஆனால் அவர்கள் ஒரு பிள்ளையின் வருத்தத்தை முதல் நாள் தொடக்கம் கடைசி நாள் வரை அருகிலிருந்து கவனித்தவர்கள். இன்றைய அட்டவணை அந்தக் கவனத்தை உதிர்த்துவிட்டு, ஒரு கணத்தின் படத்தை மட்டும் வைத்திருக்கிறது.

படத்திலும் இரண்டு கோளாறு. தோலின் நிறம் முதலாவது. நம் பெற்றோர் தேடிப்பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை வெளிறிய தோலில் எடுத்தவை. ‘சிவப்புத் தடிப்பு’ என்ற வருணனை அந்தத் தோலுக்கு உரியது. நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கரிய நிறத்திலும் அதே தடிப்பு கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சிலவேளை நிறமே மாறாமல் விரலுக்கு மட்டும் சொரசொரப்பாகத் தெரிகிறது. 2020இல் இலண்டன் செயின்ட் ஜோர்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முகுவெண்டே தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து, கரிய தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கைந்நூலை வெளியிட்டார். அவ்வளவு பிந்தி அது தேவைப்பட்டது என்பதே பாடநூல்கள் மீதான விமரிசனம். நம் வைத்தியர்கள் தோல் நிறம் ஏமாற்றாத இடங்களை அறிவார்கள்: உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம், வாயின் உட்புறம். கைப்பேசிப் படத்தில் அகப்படாத இடங்களும் இவையே.

இரண்டாவது கோளாறு, நோய்கள் தம் படத்துக்கு விசுவாசமாக இருப்பதில்லை. கை, கால், வாய் நோய் என்றதும் அட்டவணை மூன்று இடங்களைக் காட்டும். 1957இல் ரொறன்ரோவில் பரவியபோது விவரிக்கப்பட்ட காக்சாக்கி ஏ16 வைரஸின் வடிவம் அது. 2008க்குப் பின் உலகெங்கும் பரவிய காக்சாக்கி ஏ6 அந்த எல்லையை மதிப்பதில்லை. பிட்டத்திலும் தொடையிலும் வாயைச் சுற்றியும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் எழுப்புகிறது; கரப்பன் இருந்த இடங்களில் தேடி அமர்கிறது; தடிப்பு ஆறிச் சில கிழமைகளின் பின் நகங்களைக் கழலச் செய்கிறது. இந்தப் படத்தைப் பார்ப்பவர் கொப்புளிப்பான் என்கிறார். 2022இல் கேரளத்தில் சிறு பிள்ளைகளிடம் பரவிய தடிப்புக்கு ‘தக்காளிக் காய்ச்சல்’ என்ற பெயர் சூட்டப்பட்டு, புதிய நோய் வந்துவிட்டதென்ற பீதி பல நாடுகளுக்குப் போனது. அங்கிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பிய இரு பிள்ளைகளின் மாதிரியைச் சோதித்தபோது அகப்பட்டது பழைய காக்சாக்கி ஏ16தான். தோற்றத்துக்குப் பெயரிட்ட அவசரத்தின் விளைவு அது.

பட முறைக்கு ஒரு நன்மையை மறுக்கலாகாது. இரவு பதினொரு மணிக்கு ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ இருக்கும் ஒரு தாய்க்கு, தொலைவிலிருக்கும் வைத்தியரின் கண் கிடைக்கிறது. அந்தக் கண்ணுக்கு ஒரு படத்தோடு நான்கு தகவல் சேர்ந்து போனால் அது பயனுள்ள முறையாகிவிடும். என்ன தகவல் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பராமரிப்பு நிலையங்களின் முறை எளியது: தடிப்புக் கண்டால் வீட்டுக்கு அனுப்பு, ‘தொற்றில்லை’ என்ற வைத்தியர் கடிதத்துடன் திரும்பி வா. ஒரு பொறுப்புள்ள நடத்துநர் மற்றப் பிள்ளைகளைக் காக்க நினைப்பது நியாயம். பெற்றோரின் நெருக்குதலும் அவர் மேல் இருக்கிறது. ஆனால் இந்த விதி தடிப்பைத் தொற்றின் தொடக்கமாகக் கொள்கிறது. பெரும்பாலான நோய்களில் தடிப்பு தொற்றின் பிற்பகுதி. சின்னமுத்து தடிப்புக்கு நான்கு நாள் முன்னரே பரவத் தொடங்கிவிடுகிறது. கொப்புளிப்பான் ஒன்றிரண்டு நாள் முன்னர். பார்வோவைரஸில் கன்னம் சிவக்கும்போது தொற்றும் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. காக்சாக்கி உள்ளிட்ட எண்டரோவைரஸ்களோ தடிப்பு மறைந்தபின்னும் கிழமைக்கணக்கில் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே கடிதம் கொண்டுவந்த பிள்ளை பம்பர்ஸ் மாற்றும் மேசையில் வைரஸை விட்டுத்தான் போகிறது. அங்கே காவல் நிற்கவேண்டியவை சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் குளோரின் கரைசலும். இந்த வகை வைரஸுக்கு உறையில்லை; அல்ககோல் திரவம் அதை நம்பகமாகக் கொல்வதில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல் இதில் தெளிவாக இருக்கிறது. பிள்ளை தேறி, விளையாடி, உண்ணும் நிலையில் இருந்தால் கை, கால், வாய் நோய்க்கோ ரோசியோலாவுக்கோ ஐந்தாவது நோய்க்கோ விலக்கிவைக்கத் தேவையில்லை. சின்னமுத்துக்குத் தடிப்பு எழுந்து நான்கு நாள் முடியும் வரையும், கொப்புளிப்பானுக்கு எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரையும் விலக்க வேண்டும். நம் நிலையங்கள் இரண்டு வகைக்கும் ஒரே விதி வைத்து, நாட்சம்பளத் தாய் ஒருத்தியின் வேலை நாட்களைப் பறிக்கின்றன. வைத்தியரும் தமக்கே உறுதியில்லாத ஒன்றைக் கடிதமாக எழுதும்படி ஆகிறது. இந்த முறை மூன்று கேள்விகளிலும் தோற்கிறது. அதைத் திருத்துவதைவிட நீக்குவது நல்லது.

இவற்றுக்கு மாற்றாக நிற்பது தேர்ந்த குழந்தை மருத்துவர்கள் வாய்திறந்து சொல்லாமலே கையாளும் முறை. தடிப்பின் வடிவத்துக்கு முன் அதன் வரலாற்றைக் கேட்கிறார்கள். காய்ச்சல் எப்போது வந்தது, எப்போது போனது, தடிப்பு அதற்கு முன்னா பின்னா, எங்கே தொடங்கி எந்த வழியில் இறங்கியது, இடையில் என்ன மருந்து கொடுத்தீர்கள், கடைசித் தடுப்பூசி எந்தத் தேதி. இந்தக் கேள்விகளை அடுக்கினால் பல நோய்கள் தாமாகவே பிரிந்து விழுகின்றன.

சின்னமுத்தில் மூக்கொழுகலும் இருமலும் கண்சிவப்பும் காய்ச்சலோடு மூன்று நான்கு நாள் நடக்கின்றன. காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது காதின் பின்புறத்திலும் மயிர்க்கரையிலும் தடிப்பு எழுந்து, முகம், மார்பு, கால் என்று மூன்று நாளில் இறங்குகிறது. அதற்கு ஒன்றிரண்டு நாள் முன் கன்னத்தின் உட்புறத்தில் உப்புக்கல் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தெரியும். நியூயோர்க்கில் ஹென்றி கோப்லிக் 1896இல் அவற்றை விவரித்தார். எந்தத் தோல் நிறத்திலும் ஒரே மாதிரித் தெரியும் குறி அது; ஒரு டோர்ச் லைட் போதும். ரோசியோலா இதற்கு நேரெதிர். மூன்று நாளுக்கு மேல் உயர்ந்த காய்ச்சல். பிள்ளை அதற்கேற்ற அளவு வாடுவதில்லை. காய்ச்சல் சட்டென விட்டதும் மார்பிலும் முதுகிலும் மெல்லிய தடிப்பு. ஒரு படத்தில் இரண்டையும் பிரிக்கத் தடுமாறும் கண், நாட்களின் வரிசையில் தடுமாறுவதில்லை.

ஆனால் இந்த முறையின் உண்மையான சோதனை, வடகீழ்ப் பருவமழைக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தில்தான். மார்கழியில் இங்கே டெங்கு உச்சத்துக்கு ஏறுகிறது. 2023 டிசம்பரில் அது எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது வாசகருக்கு நினைவிருக்கும். டெங்கிலும் காய்ச்சல் மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் விடுகிறது, தோலில் சிவப்பும் வருகிறது. ‘காய்ச்சல் விட்டது, தடிப்பு வந்தது’ என்ற ஒரே வாக்கியம் ரோசியோலாவில் நோய் முடிந்ததற்கு அடையாளம். டெங்கில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் 24 முதல் 48 மணிநேரம் அப்போதுதான் தொடங்கக்கூடும். டெங்கு ஏற்கனவே வந்த தாய்க்குப் பிறந்த 6 முதல் 9 மாதக் குழந்தை முதல் தொற்றிலேயே கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோசியோலா வரும் வயதும் அதுவே. எனவே நாள்வரிசை மட்டும் இங்கே போதாது. அதோடு பிள்ளையின் நிலையையும் நிறுக்க வேண்டும். காய்ச்சல் விட்டபின் பிள்ளை சிரித்துப் பால் குடிக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா? பம்பர்ஸ் நனைகிறதா? சத்தி நிற்கிறதா? கை கால் குளிர்ந்திருக்கிறதா? நம் வைத்தியசாலைகள் காய்ச்சலின் மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை கேட்பது இந்தக் காரணத்தால்தான். வெண்குழியம், குருதிச் சிறுதட்டு, ஹீமட்டோகிரிட் ஆகிய மூன்று எண்கள் தோல் சொல்லாததைச் சொல்லுகின்றன. அந்த மூன்றாம் நாள் எது என்பதைப் பெற்றோர் பிழையாகச் சொன்னால் பரிசோதனையின் பொருளே மாறிவிடும். முதல் நாள் காய்ச்சல் பராமரிப்பு நிலையத்தில் மத்தியானம் தொடங்கி, அது தாய்க்குச் சொல்லப்படாமல், இரவு அவர் கவனித்த வேளையே தொடக்கம் என்று கணக்கிடப்படுவது உண்டு. கணக்கு அரை நாளோ ஒரு நாளோ பிசகிவிடுகிறது. கைக்குழந்தைக்கு அது சிறு பிசகு அல்ல.

‘வைரஸ் காய்ச்சல்தான்’ என்ற ஆறுதல் மொழியையும் இந்த முறையே கேள்விக்குட்படுத்துகிறது. நாட்டில் உண்ணிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் இடங்களில் யாழ்ப்பாணம் முன்னணியில் நிற்கிறது. அதிலும் காய்ச்சலோடு மெல்லிய தடிப்பு வரும். அது வைரஸ் அல்ல. நுண்ணுயிர்க்கொல்லிக்கு விரைவாகப் பணிந்துவிடும், விட்டால் உயிரையும் எடுக்கும். உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். அக்குளிலும் அரையிலும் ஒளிந்திருக்கும் அதைக் காண, பிள்ளையின் உடுப்பை முழுவதும் கழற்ற வேண்டும். கைக்குழந்தைகளில் இது அரிதுதான். ஐந்து நாளாக விடாத காய்ச்சலில் அரிதானவையும் கணக்கில் வந்துவிடுகின்றன. யப்பானில் தொமிசாகு கவாசாகி 1967இல் விவரித்த நோய்க்கும் எல்லை அந்த ஐந்தாம் நாள்தான்: கண்சிவப்பு, வெடித்த உதடு, வீங்கிய கை கால், தடிப்பு. பத்தாம் நாளுக்குள் இம்யூனோகுளோபியுலின் ஏற்றினால் இதயக் குழாய்கள் காக்கப்படும். பிறந்தவுடன் பீ.சி.ஜி. ஏற்றும் நம் நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் குறியும் கிடைக்கிறது. சில குழந்தைகளில் கையிலுள்ள அந்தத் தழும்பு திடீரெனச் சிவந்து தடிக்கிறது. எந்தப் பட அட்டவணையும் நம் பெற்றோருக்கு இதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது தவறான பெயரின் தீங்குக்கு, இந்த முறை தரும் விடையும் வலுவானது. ரோசியோலாவின் இரண்டாம் நாள் உயர்ந்த காய்ச்சலைக் கண்டு அமொக்சிசிலின் தொடங்கப்படுகிறது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டுத் தடிப்பு வருகிறது. வர இருந்த தடிப்பு மருந்தின் தலையில் விழுகிறது. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று எழுதப்பட்டு, இருபது வயதிலும் அது அழியாமல், தேவையான வேளையில் நல்ல மருந்து மறுக்கப்படுகிறது. நாள்வரிசையை எழுதி வைத்திருந்தால் அந்தப் பழி ஏற்படாது. 9ஆம் மாதத் தடுப்பூசி ஏற்றி ஒரு கிழமை தொடக்கம் பன்னிரண்டு நாளுக்குள் சிலருக்கு வரும் இலேசான காய்ச்சலும் தடிப்பும் அப்படியே; புத்தகத்தில் தேதியைப் பார்த்தவர் அதற்கு வேறு நோய் தேடமாட்டார்.

இந்த முறையின் குறையையும் சொல்ல வேண்டும். அது சாட்சியை நம்பியிருக்கிறது; பகலின் பெரும்பகுதி சாட்சி பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறது. காய்ச்சல் அளந்த நேரம், தடிப்பு முதலில் தெரிந்த இடம், பால் குடித்த அளவு, பம்பர்ஸ் நனைந்த தடவை ஆகிய நான்கையும் எழுதி வைக்கும் ஒரு கொப்பி பெரும்பாலான நிலையங்களில் இல்லை. படத்தோடு சேர்ந்து போகவேண்டும் என்று முன்னர் சொன்ன தகவல் இவைதான். ஒருவர் ஏழெட்டுக் குழந்தைகளைப் பார்க்கும் அறையில் இது சுமை என்று சொல்லப்படலாம். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மட்டும் எழுதினால் சுமை பெரிதல்ல. சில தடிப்புகளில் நாள்வரிசைக்காகக் காத்திருக்கவும் கூடாது. கண்ணாடிக் குவளையைத் தோலில் அழுத்தும்போது மறையாத புள்ளிகள், மயக்கம், மூச்சிழுப்பு, எண்டரோவைரஸ் ஏ71 மூளையைத் தாக்கும்போது வரும் திடுக்கிடலும் தள்ளாட்டமும் கண்டால் அந்தக் கணமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தைவானில் 1998இல் இந்த வைரஸ் 78 பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. நாள்வரிசை முறையை மெச்சுபவர் இந்த விதிவிலக்கைப் பின்குறிப்பாக வைக்கலாகாது. முகப்பிலேயே எழுத வேண்டும்.

கடைசியாகச் சுகாதாரத் துறையின் கண்காணிப்பு முறை. அது கண்ணையே நம்புவதில்லை. காய்ச்சலும் தட்டைத் தடிப்பும் சேர்ந்த ஒவ்வொருவரையும் சின்னமுத்துச் சந்தேகமாக எடுத்து, இரத்த மாதிரியைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. சின்னமுத்து அரிதாகும்போது அனுபவசாலி வைத்தியரின் ஊகமும் பெரும்பாலும் பிழைக்கும் என்ற கணிதம் இதன் அடிப்படை. முறையியல் நோக்கில் எல்லாவற்றிலும் நேர்மையானது இதுதான். வரலாறும் இதை நியாயப்படுத்துகிறது. 1984இல் தொடங்கிய சின்னமுத்துத் தடுப்பூசியின் முதல் வேளை, 2011இல் எம்.எம்.ஆர். அறிமுகமானபோது 12ஆம் மாதத்துக்குத் தள்ளப்பட்டது. 2013, 2014இல் நோய் பெருகியபோது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். 2015இல் அது 9ஆம் மாதத்துக்குத் திருப்பப்பட்டது. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சின்னமுத்து ஒழிந்த நாடாக அறிவித்தது. 2023இல் நோய் திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் யாழ்ப்பாணம் உட்பட ஒன்பது பகுதிகளில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு வேளை ஏற்றப்பட்டது. பராமரிப்பு நிலையங்களில் தவழும் வயது அதுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தரவை வைத்துத் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்ட முறைக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அது நாட்டுக்கான கருவி. முடிவு வரும்போது அந்தப் பிள்ளையின் தடிப்பு ஆறிவிடும். சந்தேகம் எழும் இடம் வைத்தியசாலை வாசல். குழந்தைகள் கூடியிருக்கும் நிலையத்துக்கு அந்த வலை எட்டுவதில்லை.

தீர்ப்பு இதுவாகிறது. பிள்ளையின் அருகிலிருப்பவர்களுக்கு நாள்வரிசை முறை முதலிடம்; நாட்டுக்குக் கண்காணிப்பு முறை முதலிடம்; இரண்டும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. படம் துணைச் சான்று. வீட்டு வழக்கத்திலிருந்து தனிமைப்படுத்தும் ஒழுக்கத்தை எடுத்துக்கொண்டு அதன் பெயரிடும் அதிகாரத்தை மறுக்க வேண்டும். கடித வழக்கம் கைவிடப்பட வேண்டும். அதனிடத்தில் நிலையத்தில் சேரும்போதே கிளினிக் புத்தகத்தின் தடுப்பூசிப் பக்கத்தின் பிரதியும், பகுதியின் பொதுச் சுகாதார பரிசோதகரின் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கிழமையில் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் நடத்துநரே அவருக்குச் சொல்ல வேண்டும். அங்கே பணிபுரியும் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் அன்றே சொல்ல வேண்டும். பார்வோவைரஸும் கொப்புளிப்பானும் ருபெல்லாவும் அவர் வயிற்றிலிருக்கும் சிசுவையும் பாதிக்கக்கூடும்.

படத்தைத் துணைச் சான்று என்றேன். அதை நல்ல சான்றாக்கவும் வழியுண்டு. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. 1978 முதல் மருத்துவ பீடமும், அதனோடு இணைந்த போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பெற்றோரின் சம்மதத்தோடு, முகம் தெரியாமல், நம் பிள்ளைகளின் தோலில் எழுந்த தடிப்புகளைப் படமாக்கி ஒரு தமிழ்க் கைந்நூல் செய்யலாம். நோய் வாரியாக அடுக்கும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரே பிள்ளை: முதலாம் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள். ஒவ்வொரு படத்தின் கீழும் அன்றைய காய்ச்சலின் அளவு, உள்ளங்கை, வாயின் உட்புறம், இரத்தப் பரிசோதனையின் எண்கள். ரோசியோலாவின் நான்காம் நாளும் டெங்கின் ஐந்தாம் நாளும் எதிரெதிர்ப் பக்கங்களில் வர வேண்டும்.